பொருள்: கண்டிஷனருக்குப் பின் முடியில் தங்குவதற்கு என்ன பெயர்?

காட்பாடியிலிருந்து:

அவையோர்க்கு வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுவினரின் அழகுக்கலைப் பயிற்சிக்காக நான் எழுதும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வீட்டில் டீப் கண்டிஷனிங் (முடியை மென்மையாக்கும் கண்டிஷனரைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிடுதல்) செய்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தலையில் சுற்றி ஆவி கொடுத்த பிறகு, எவ்வளவு அலசினாலும் முடியில் வழவழப்பாகவோ வெள்ளைத் துகளாகவோ சில நேரம் ஏதோ தங்கிவிடுகிறது. அதற்கு ஒரு சொல் தேவை. நம் சொல்லாக்கக் குழுவில் முன்பு பரிந்துரைத்த ‘எச்சம்’ என்பதை வகுப்பில் சொன்னபோது, காக்கை எச்சமா என்று ஒரு மாணவி கேட்டார். அதன் பிறகு அச்சொல்லை அங்கே யாரும் ஆளவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

அம்மா, ஒரு காக்கையின் பொருட்டு நல்ல சொல்லைக் கைவிடலாமா? அஞ்சு என்பது அச்சம் ஆனது போலவும் மிஞ்சு என்பது மிச்சம் ஆனது போலவும் எஞ்சு என்பது எச்சம் ஆயிற்று. பெயரெச்சமும் வினையெச்சமும் பயின்ற மொழியினர் இதைக் கண்டு கூச வேண்டியதில்லை. பூசியது எஞ்சியதால் ‘பூச்செச்சம்’ எனலாம். ஆவி பிடித்தல் சளிக்கு உரியது. கூந்தலுக்கு வெம்மை ஊட்டுவதை, வேதல் என்னும் வினைக்கு உறவான ‘வேது’ என்னும் பழஞ்சொல்லால் குறிப்பதே தகும்.

ஆம்பூரிலிருந்து:

ஐயாவின் சொற்பிறப்பு விளக்கம் சரியே. ஆனால் வேது என்றால் இன்றைய பிள்ளைகள் வேதியியலைத்தான் நினைப்பார்கள். வேதியியல் கற்பிக்கும் எனக்கு வேறொரு கவலை உண்டு. இங்கே தங்குபவை இரண்டு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் மாணவி தவறான தீர்வைக் கையாள்வார்.

முடியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது. கண்டிஷனரில் உள்ள நேர்மின் மூலக்கூறுகள் அதனோடு ஒட்டிக்கொள்வதற்காகவே சேர்க்கப்படுகின்றன. உடன் இருக்கும் சீட்டைல் ஆல்கஹால் ஏறத்தாழ 49 டிகிரி செல்சியஸில் உருகும் மெழுகுப் பொருள்; டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் நீரில் கரையாது. ஆகவே அளவுக்கு மீறிப் பூசினாலோ, வேர்வரை தடவினாலோ, ஆவி கொடுத்த கையோடு குளிர்ந்த நீரை ஊற்றி அவசரமாக அலசினாலோ வழவழப்பு நின்றுவிடுகிறது. காய்ந்த முடியை நகத்தால் வழித்தால் மெழுகு போல் நகக்கண்ணில் சேரும். இதற்கு நம் வீடுகளில் ‘பிசுக்கு’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. பிசின், பிசுபிசுப்பு எல்லாம் அதன் உறவுகளே. வெதுவெதுப்பான நீரில் பொறுமையாக அலசி, தேவையானால் ஆழ்ந்து சுத்தம் செய்யும் ஷாம்பு போட்டால் இது போகும்.

மற்றது உப்பு. நம் பாலாற்றுப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வகுத்திருக்கிறது. வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிவதும் முடியைச் சொரசொரப்பாக்குவதும் அதே கால்சிய, மக்னீசிய உப்புகள்தான். இதைப் ‘படிவு’ என்க. இதற்கு வழக்கமான ஷாம்பு போதாது. உலோக அயனிகளைப் பற்றி இழுக்கும் ஷாம்புவோ, கடைசி அலசலுக்கு வடித்த மழைநீரோ வேண்டும்.

காட்பாடியிலிருந்து:

பிசுக்கு, படிவு இரண்டையும் தனித்தனித் தலைப்புகளாகச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலோர் இசைந்துள்ளீர்கள். ஆவி கொடுத்தல் என்பதை மாற்றவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

பிசுக்கு அழுக்கையும் குறிக்குமே, அம்மா. விலை கொடுத்து வாங்கிப் பூசிய பொருளை அழுக்கு என்று எழுதிவிட்டோம் என்பதே என் குறை. அடுத்த பதிப்பிலாவது பூச்செச்சத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.