வெல்டிங் மெஷின் இல்லாமல் அலுமினியக் குழாயை இணைக்க முடியுமா?

கேள்வி:
துணி காயப்போடும் அலுமினிய ஸ்டாண்டில் குறுக்குக் குழாய் ஒன்று மூட்டிலேயே முறிந்துவிட்டது. குழாயின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். இதற்காக டிக் வெல்டிங் மெஷின் வாங்க என்னால் முடியாது. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருந்த சால்டரிங் ஈயத்தைப் போட்டுப் பார்த்தேன், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடுகிறது. கையில் ஒரு கேஸ் டார்ச் இருக்கிறது, அது போதுமா? ஏணியில் ஒரு படியும் ஆடுகிறது, அதையும் சேர்த்தே முடித்துவிடலாமா?

பதில் 1:
ஈயம் உருண்டு ஓடக் காரணம் மேலே இருக்கும் ஆக்சைடு படலம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அந்தப் படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். சுரண்டி எடுத்தாலும் காற்று பட்டதும் திரும்ப வந்துவிடும். துத்தநாகம் கலந்த அலுமினியம் பிரேசிங் ராட் (குழாயை உருக்காமல், தான் மட்டும் உருகி ஒட்டும் கம்பி) வாங்குங்கள், 400 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும், உங்கள் டார்ச்சே போதும். சிலிக்கான் கலந்த ராட் வேண்டாம், அது உருகவே 577 டிகிரி ஆகும், அதற்குள் மெல்லிய குழாய் கையை விட்டுப் போய்விடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் பளபளவென்று தேய்த்துவிட்டு, ராடைச் சூடாக்காமல் குழாயைச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொய்ந்து விழுந்துவிடும், அதனால் அடிக்கடி தீயை விலக்கி ராடால் தொட்டுப் பாருங்கள். குழாயின் சூட்டிலேயே ராட் உருகினால் அதுதான் பதம். உருகியது முதலில் முத்தாகத்தான் நிற்கும். அதற்குள் ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பியை விட்டு அடியில் கீறுங்கள். படலம் கிழிந்ததும் முத்து சட்டென்று படுத்து எண்ணெய் மாதிரி பரவும், அந்த இடம்தான் பிடித்த இடம். ஆறும்வரை அசைக்காதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் இந்த ஸ்டாண்டுக்கு நெருப்பே தேவையில்லை என்பேன். முறிந்த குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் அலுமினியத் துண்டு ஒன்றைத் தேடுங்கள். இரண்டையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, தாமதிக்காமல் இரண்டு டியூப் கலந்து போடும் எபாக்சிப் பசையைத் தடவிச் சொருகி, இரு பக்கமும் ஒவ்வொரு பாப் ரிவெட் (துளைக்குள் விட்டு ஒரு பக்கத்திலிருந்தே இறுக்கும் ஆணி) அடியுங்கள். எபாக்சி நீளவாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கும், உரிப்பது போன்ற விசை வந்தால் விட்டுவிடும், ரிவெட் அதற்குத்தான். ரிவெட்டும் அலுமினியமாகவே இருக்கட்டும். ஈரத்துணி தொங்கும் இடத்தில் வேறு உலோகம் சேர்ந்தால் அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டே வரும்.

பதில் 3:
ஏணியைத் தொடாதீர்கள், தயவுசெய்து. 6061-டி6 மாதிரியான அலுமினியக் கலவைகளுக்கு பலமே அவற்றுக்குக் கொடுத்த வெப்பப் பதத்தில்தான் இருக்கிறது. 400 டிகிரிக்குச் சூடாக்கினால் மூட்டைச் சுற்றியுள்ள பகுதி மெத்தென்று ஆகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் இப்படி ஒட்டிய ஒரு பிராக்கெட் கையால் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை, மூன்று வாரம் கழித்து ஒட்டுக்குப் பக்கத்திலேயே வளைந்து தொங்கியது. அது செடித்தொட்டி, பரவாயில்லை. ஏணியில் ஆள் ஏறுகிறார்.

இன்னொன்று, இரு முனையும் அடைத்த குழாயைச் சூடாக்காதீர்கள், உள்ளே காற்று விரிந்து வெடிக்கலாம். ஜன்னலையும் திறந்து வையுங்கள், துத்தநாகப் புகை நல்லதல்ல.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பார்த்தால் குழாயின் இரு முனையிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது, கழற்றிவிட்டேன். ஸ்டாண்டுக்கு உள்துண்டும் ரிவெட்டும்தான். டார்ச்சை ஒரு வேஸ்ட் துண்டில் பழகிப் பார்க்கிறேன். ஏணியை இனி யாரும் எடுக்காதபடி படியைக் கழற்றி வைத்துவிட்டேன்.