டாஸ்க் முடித்தும் பணம் எடுக்க முடியவில்லை, 22,480 ரூபாய் வரி கேட்கிறார்கள். கட்டலாமா?

கரூர்ப்பெண் (இரவு 9.40)
அவசரம். பத்து நாளைக்கு முன் பகுதிநேர வேலை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மேப்பில் ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று போட்டேன், 150 உடனே வந்துவிட்டது. அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். 1,000 கட்டினேன், 1,300 வந்தது. 5,000 கட்டினேன், 6,500 வந்தது. அதன் பிறகு பெரிய டாஸ்க் என்று நேற்று 15,000, இன்று மதியம் 32,000 கட்ட வைத்தார்கள்.

இப்போது அவர்கள் தளத்தில் என் பெயரில் 1,12,400 காட்டுகிறது. எடுக்கப் போனால் 20 சதவீத வரியை முதலில் கட்ட வேண்டுமாம். நாளைக் காலை பத்து மணிக்குள் கட்டாவிட்டால் கணக்கு முடங்கிவிடுமாம். செயினை அடகு வைக்க எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. குழுவில் மற்றவர்களுக்குப் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். கட்டினால் வருமா?

பழைய_காசாளர் (9.52)
வராது தங்கச்சி. செயினை உள்ளே வையுங்கள். முதலில் 1930-க்குப் போன் போடுங்கள், அது சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். 32,000 மதியம்தான் போயிருக்கிறது. அது இன்னும் அடுத்த கணக்குக்குத் தாவாமல் இருந்தால் நிறுத்தி வைக்க வழி உண்டு. விடிந்தால் வாய்ப்பு குறையும். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் யூபிஐ செயலியில் 12 இலக்க எண் இருக்கும், அதைக் கேட்பார்கள். எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வரி என்பது சுத்தப் பொய். வரி பிடிக்க வேண்டியிருந்தால் தரும் பணத்திலேயே கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நாமே கட்டுவதானாலும் பான் எண்ணைப் போட்டு அரசுக்கு நேராகக் கட்டுவோம். யாரோ ஒருவருடைய யூபிஐக்கு வருமான வரி போகாது.

கரூர்ப்பெண் (10.01)
ஆனால் இரண்டு முறை லாபத்தோடு திரும்பி வந்ததே அண்ணா? ஏமாற்றுகிறவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

பழைய_காசாளர் (10.09)
உங்கள் நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. மொத்தம் நீங்கள் கட்டியது 53,000. வந்தது 7,950.

இப்போது பாஸ்புக்கையோ செயலியையோ திறந்து ஒன்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய நான்கு தொகையும் யார் யார் பெயருக்குப் போயிருக்கிறது? வேலை கொடுக்கும் நிறுவனம் என்றால் ஒரே பெயர் இருக்க வேண்டும். அப்புறம் அந்த 6,500 யாரிடமிருந்து வந்தது என்றும் பாருங்கள்.

கரூர்ப்பெண் (10.17)
நான்கும் நான்கு பெயர். ஒன்று ஏதோ மளிகைக் கடை பெயர். 6,500 வந்தது வடமாநிலத்துப் பெண் ஒருவர் பெயரிலிருந்து. கை நடுங்குகிறது.

பழைய_காசாளர் (10.25)
அந்தப் பெண்ணும் உங்களைப் போலவே டாஸ்க் கட்டியவராக இருக்கலாம். ஒருவர் கட்டுவதை இன்னொருவருக்கு லாபம் என்று தருவார்கள். 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீதம் என்று சொல்லிச் செய்ததும் இதுதான். அவர் அலுவலகம் திறந்து செய்தார், இவர்களுக்கு ஒரு செல்போன் போதும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் பெண் அங்கே புகார் கொடுத்தால், பணம் வந்து சேர்ந்த கணக்கு என்று உங்கள் கணக்கையும் முடக்கலாம். நீங்கள் முந்திக்கொண்டு புகார் கொடுத்திருந்தால் நீங்களும் ஏமாந்தவர் என்பதற்கு அதுவே சாட்சி. இந்தக் கூட்டம் சேலரி தருகிறோம், உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்டாலும் தந்துவிடாதீர்கள்.

நெசவாளி_மகன் (10.31)
அக்கா, போன வருடம் நான் வரி கட்டினேன். அம்மா வளையலை அடகு வைத்துத்தான். கட்டிய அரை மணி நேரத்தில் கிரெடிட் ஸ்கோர் 100-க்கு 80 இருக்கிறது, புள்ளிக்கு 2,000 கட்டு என்றார்கள். நிற்கவே நிற்காது. அது முடிந்ததும், போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் 5,000 என்று இன்னொருவன் வந்தான். உங்களுக்கும் வருவான், அவனும் அதே கூட்டம்தான்.

குழுவில் வரும் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் குழுவில் வேறு வேறு ஆள் போட்ட இரண்டு படத்திலும் மணி 4.12, சார்ஜ் 37 சதவீதம்.

குழுவை விட்டு வெளியேறும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கோபத்தில் அழித்துவிட்டேன், புகார் எழுதும்போது கையில் ஒன்றுமில்லை.

கரூர்ப்பெண் (10.38)
ஆதார், பான் படமெல்லாம் அனுப்பியிருக்கிறேன். வரி ஏய்ப்பு வழக்கு போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். போலீஸ் என்னைத் திட்டுவார்களா?

பழைய_காசாளர் (10.44)
வழக்கு போட அவர்களுக்கு ஏது அதிகாரம்? பதில் அனுப்பாதீர்கள். ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கண் பதிவைப் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் கடன் எதுவும் கிளம்புகிறதா என்று சில மாதம் சிபில் அறிக்கையை, அதாவது நம் கடன் விவரப் பட்டியலைப் பாருங்கள். வங்கியே ஈடுகட்டும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள். நாமே ரகசிய பின் எண்ணைப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்த விதி பெரும்பாலும் உதவாது. அதனால்தான் 1930 என்கிறேன். வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள் அம்மா. தனியாகச் சுமந்தால் நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி மனம் தடுமாறும்.

கரூர்ப்பெண் (மறுநாள் பகல் 12.20)
இரவே சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டார், பிறகு அவரே 1930-க்குப் போட்டுக் கொடுத்தார். ஒப்புகை எண் வந்தது. காலையில் சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரும் பதிந்தாயிற்று. 32,000-இல் 11,000 அந்தக் கணக்கிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறதாம், உரிய நடைமுறை முடிந்தால் திரும்ப வரும் என்கிறார்கள். மற்றது கைமாறிவிட்டது. பத்து மணிக்கு அவர்கள் ஏழு முறை அழைத்தார்கள், எடுக்கவில்லை. செயின் கழுத்தில் இருக்கிறது. இப்போது வங்கி ஸ்டேட்மென்டோடு சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம்.