மாதம் 4000 ரூபாய் தந்தால் பிள்ளை வளர்ந்துவிடுமா?

வைகைக்கரையான்:
நேற்று வேறொரு இழையில் தேன்மொழி அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லங்களில் வைப்பது தவறாம். சொந்தக்காரர்களிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ விட வேண்டுமாம், 'அதற்குத்தான் அரசு மாதம் 4000 ரூபாய் தருகிறதே' என்கிறார். நான் ஏழு வயதிலிருந்து பிளஸ் டூ வரை இல்லத்தில் வளர்ந்தவன். அப்பா இறந்ததும் முதலில் பெரியப்பா வீட்டில்தான் விட்டார்கள். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், நான் மாடு மேய்த்தேன். என்னைப் படிக்க வைத்தது இல்லம். 4000 ரூபாய்க்கு ஆசைப்பட்டுக் கூட்டிப் போகிறவன் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வான்? பதில் சொல்லுங்கள்.

தேன்மொழி:
தம்பி, இல்லம் கடைசி வழியாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். 2015 இளைஞர் நீதிச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. ஆதரவில்லாத பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தவள் நான். எங்கள் முன்னால் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். சோறு போட முடியாமல் கொண்டுவந்து விட்டவர்கள். அந்த அம்மா கையில் மாதாமாதம் 4000 ரூபாய் இருந்திருந்தால் பிள்ளையை விட்டிருக்கவே மாட்டாள்.

வைகைக்கரையான்:
அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. பெரியப்பாவைப் பற்றிக் கேட்டேன். 4000 ரூபாய் அவர் கைக்குப் போனால் மாட்டுக்குத் தவிடு வாங்கியிருப்பார்.

பாலா:
ஒரு நிமிடம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இரண்டு 4000 இருக்கிறது. ஒன்று நிதி ஆதரவு. பிள்ளை பெற்றவரிடமோ உறவினரிடமோ இருக்கும்போது தருவது. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இன்னொன்று வளர்ப்புப் பராமரிப்பு. உறவில்லாத குடும்பத்தை விசாரித்து நலக் குழு ஒப்படைப்பது. தத்து இரண்டிலும் சேராது, 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஆணை தருபவர் மாவட்ட ஆட்சியர். எதைப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கலாமா?

வைகைக்கரையான்:
பாடம் நடத்த வேண்டாம் பாலா. எந்தப் பெயரில் கொடுத்தாலும் 4000 ரூபாய் 4000 ரூபாய்தான்.

கடலூர்க்காரன்:
வைகை சொல்வதுதான் சரி. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே யார் யாரோ வந்து 'பிள்ளையைக் கொடுங்கள், வளர்க்கிறோம்' என்று நின்றார்கள். கடத்திவிடுவார்களோ என்ற பயத்தில் அரசு தத்துக் கொடுப்பதையே நிறுத்தி வைத்தது. கடலூர், நாகப்பட்டினம், கன்னியாகுமரியில் தனியாக இல்லம் திறந்தார்கள். அந்த இல்லங்கள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? நலக் குழு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

நாகை ராஜி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அக்கா இறந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் வளர்க்கிறேன். ஆமாம், பணம் வாங்குகிறேன். அதுவும் மாதாமாதம் வராது, அலுவலகத்துக்கு நடையாய் நடந்தால் சில மாதத்துக்குச் சேர்த்து வரும். பெரியவளுக்கு டியூஷன், பஸ், நாப்கின், சின்னவனுக்குக் கண்ணாடி, இதற்கே போதவில்லை. 'ஆசைப்பட்டு' என்று எழுதினீர்களே அண்ணா, ஒரு மாதம் வந்து இருந்து பாருங்கள்.

வைகைக்கரையான்:
தங்கச்சி, உங்களைச் சொல்லவில்லை. எல்லாரும் உங்களைப் போல இருக்க மாட்டார்கள் என்கிறேன். பணம் கொடுத்த பிறகு வீட்டுக்குள் வந்து பார்ப்பது யார்? இல்லத்தில் வார்டன், சமையல்காரம்மா, கூடப் படிக்கிற பையன் என்று பத்துக் கண் இருக்கும். பெரியப்பா வீட்டில் எனக்கு யார் இருந்தார்கள்?

தேன்மொழி:
பத்துக் கண் இருந்த இல்லங்களில் நடந்த கொடுமைகளை நான் விசாரித்திருக்கிறேன், இங்கே எழுத மனம் வரவில்லை. பணத்துக்கு வருகிறேன். ருமேனியாவில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இல்லங்களில் கிடந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றினார்கள். குறிப்பாக இரண்டு வயதுக்குள் போன குழந்தைகளின் அறிவும் பாசமும் நன்றாகத் தேறின. அந்த வளர்ப்புத் தாய்மார் எல்லாரும் சம்பளம் வாங்கியவர்கள். காசு வாங்கியதால் பாசம் குறைந்ததா?

வைகைக்கரையான்:
ருமேனியாவுக்கு ஏன் போகிறீர்கள்? திண்டுக்கல்லுக்கு வாருங்கள். அந்தச் சம்பளமும் இந்த 4000 ரூபாயும் ஒன்றா? இன்றைய விலைவாசியில் அரிசி, பால், பள்ளிக்கூடச் செலவு போக என்ன மிஞ்சும்?

பாலா:
போதாது என்று இப்போது சொல்கிறீர்கள். காலையில் அதற்கு ஆசைப்பட்டுக் கூட்டிப் போவான் என்றீர்கள். எது உங்கள் கட்சி?

வைகைக்கரையான்:
இரண்டும்தான். நல்லவனுக்குப் போதாது, கெட்டவனுக்கு அது போதும்.

தேன்மொழி:
தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தங்கை உண்டு என்று முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள். ஆண்பிள்ளை இல்லத்தில் நீங்கள், அவள் எங்கே வளர்ந்தாள்? உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே குடும்பத்தில் வைக்கப் பார்க்க வேண்டும் என்று வளர்ப்புப் பராமரிப்புச் சட்டப்பிரிவிலேயே இருக்கிறது.

வைகைக்கரையான்:
அதை இங்கே இழுக்க வேண்டாம். நான் கேட்டது 4000 ரூபாய்.

கடலூர்க்காரன்:
தனிப்பட்ட விஷயத்தைத் தொடுவது அக்காவுக்குப் பழக்கம்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் பற்றிய விவாதத்திலும் என்னிடம் இப்படித்தான் செய்தார். உசிலம்பட்டியில் அந்தத் திட்டம் தொடங்கியபோதே...

பாலா:
தொட்டில் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. மதுரைப் பக்கம் 2001-இல்தான் வந்தது.

கடலூர்க்காரன்:
எல்லாரும் உசிலம்பட்டி என்றுதான் சொல்வார்கள்.

வைகைக்கரையான்:
கடலூர், உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன். பெண் சிசுக்கொலை என்றாலே உசிலம்பட்டியை இழுப்பதை எப்போது நிறுத்துவீர்கள்? என் ஊர் அது.

கடலூர்க்காரன்:
உங்கள் பக்கம் பேச வந்த என்னையே திட்டுகிறீர்களா? நல்லது.

நாகை ராஜி:
ஊர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த மாதப் பணமும் வரவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்:
பார்த்தீர்களா தேன்மொழி அக்கா? உங்கள் 4000 ரூபாயின் லட்சணம் இதுதான்.

தேன்மொழி:
பணம் தாமதமானால் அதை ஒழுங்காகத் தரச் சொல்ல வேண்டும், ராஜி வீட்டுப் பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பக் கூடாது. ராஜி, தனிமடலில் உங்கள் ஒன்றியம் எது என்று எழுதுங்கள்.

வைகைக்கரையான்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.