பாறையேற்றத் தளங்கள்: 'ஸ்டீவர்ட்ஷிப்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும்

இரா., ஈரோடு:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கப் பாறையேறிகள் தாம் ஏறும் பாறைகள் மூடப்படாமல் காத்துக்கொண்ட வரலாற்றைக் கல்லூரிப் பாடத்துக்காக மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை கையளிக்க வேண்டும். இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன். ஒன்று 'அக்சஸ்', அதாவது பாறையடி வரை போகவும் ஏறவும் உள்ள வாய்ப்பு. மற்றது 'ஸ்டீவர்ட்ஷிப்', அதாவது அந்தப் பாறைகளைப் பொறுப்பேற்றுப் பேணுதல். 1991இல் தொடங்கிய அக்சஸ் ஃபண்ட் என்ற அமைப்பும் உள்ளூர்க் குழுக்களும் நடைதடம் அரிக்காமல் கற்படி அமைக்கின்றன. ஏறுவோர் கயிற்றைக் கோக்கப் பாறையில் அறைந்து, பின் துருவேறிய ஆணிகளை மாற்றுகின்றன. பொரி வல்லூறு கூடு கட்டும் மாதங்களில் அந்தப் பாறைமுகத்தை விட்டு விலகியிருக்குமாறு ஏறிகளைக் கேட்டுக்கொள்கின்றன. சில இடங்களில் நிலத்தையே விலைக்கு வாங்குகின்றன. இத்தனையையும் 'பராமரிப்பு' என்று எழுதினால் மோட்டார் பம்புக்குச் சொல்வது போல் இருக்கிறது.

கு., தஞ்சாவூர்:

அம்மையீர், 'புரவு' என்ற சொல் இருக்கும்போது கவலை எதற்கு? புரத்தல் என்றால் காத்தல். அதிலிருந்து பிறந்தவனே புரவலன். சோழர் கல்வெட்டுகளில் புரவுவரித் திணைக்களம் என்று நிலவருவாய்த் துறைக்கே பெயர் உண்டு. 'பாறைப்புரவு' என்று எழுதுக. ஏறுவதற்கும் சொல் உண்டு: நெடுவரையில் தேனெடுப்போர் மூங்கிற்கணு வைத்து அமைத்த ஏணியை மலைபடுகடாம் 'மால்பு' என்கிறது. பாறையில் அறையும் ஆணிக்கு அதையே ஆளலாம்.

செ., மதுரை:

ஐயா, 'பாறைப்புரவு' என்று படிக்கும் மாணவன் பாறைமேல் ஏறிய புரவியைத்தான் நினைப்பான். அது போகட்டும். புரவலன் தன் கைப்பொருளைக் கொடுப்பவன். இங்கே பேசப்படுவது அதுவன்று. ஊரார் கூடி ஏரியின் கரையை உயர்த்தி, வரத்துவாய்க்காலில் தூர் வாரியதற்கு நம்மிடம் 'குடிமராமத்து' என்ற சொல் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் இருந்த காலத்தில் மண்வெட்டியோடு வரிசையாக நின்றவர்களிடமே அதைக் கேட்டிருக்கிறேன். எவரும் பொருள் விளக்கம் கேட்டதில்லை. 'பாறைக் குடிமராமத்து' என்றால் போதும்.

கு., தஞ்சாவூர்:

மராமத்து அரபுச் சொல். புதிதாக ஒரு சொல்லை ஆக்கும்போதாவது கடன் வாங்காமல் இருப்போமே.

செ., மதுரை:

கடன் வாங்கி முந்நூறு ஆண்டு ஆகியிருந்தால் வட்டியும் முதலும் அடைந்திருக்கும், ஐயா.

இரா., ஈரோடு:

குடிமராமத்து எனக்கும் பிடித்தது. ஆனால் ஒரு தடை. 1858இன் சென்னை மாகாணச் சட்டம் அவ்வேலையைக் கட்டாயமாக்கியது. வராதவர் பணம் கட்ட வேண்டியிருந்தது. நான் மொழிபெயர்க்கும் பகுதியோ வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் என்ற தனிப் பாறைக்குன்றைப் பற்றியது. லகோட்டா உள்ளிட்ட பல பழங்குடிகளுக்கு அது வழிபாட்டிடம். 1995இல் வந்த திட்டப்படி ஜூன் மாதம் முழுவதும் அதில் ஏறாமல் இருக்குமாறு பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. தடை இல்லை, வேண்டுகோள் மட்டுமே. பெரும்பாலான ஏறிகள் மதிக்கிறார்கள், சிலர் ஏறுகிறார்கள். இங்கே கல்லைத் தூக்கி வைப்பதும் மண்ணைக் கொத்துவதும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கீழே நிற்பதே பேணுதல். மராமத்து என்ற சொல்லில் சும்மா நிற்பதற்கு இடமில்லையே.

ந., யாழ்ப்பாணம்:

உங்கள் இரண்டாம் சொல்லுக்கு முதலில் வருகிறேன். பழைய தமிழ் விவிலியத்தில் 'ஸ்டீவர்ட்' உக்கிராணக்காரன் ஆகிறான். கலியாண வீட்டில் உக்கிராண அறையின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள்: அரிசி அவருடையதன்று, ஆனால் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொருள் இதைவிடச் சரியாக வேறெந்தச் சொல்லிலும் அமையாது என்றாலும், உக்கிராணத்துவம் என்று பாடநூலில் எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'அக்சஸ்' என்பதற்கு எங்கள் காணி உறுதிகளில், அதாவது நிலப் பத்திரங்களில், வரும் 'வழிவாய்க்கால்' உரித்தை எண்ணிப் பாருங்கள்.

இரா., ஈரோடு:

எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் 'மாமூல் தடத்தில் ஆள், வண்டி, மாடு போகவரப் பாத்தியம்' என்று வரும். தடம் என்பது பாதைக்கும் ஆகும், பாறைமேல் ஏறும் வழிக்கும் ஆகும். ஆகவே 'தடவுரிமை' என்று வைத்தேன். வைத்த கையோடு சந்தேகமும் வந்தது. கென்டக்கி மாநிலத்தில் ரெட் ரிவர் கார்ஜ் என்ற பள்ளத்தாக்கின் ஏறிகள் கூட்டமைப்பு 2004இல் ஏறத்தாழ 750 ஏக்கரை வாங்கியது. அங்கே அது உரிமைதான். தனியார் தோட்டத்துக்குள் இருக்கும் பாறையில் அது உடைமையாளரின் இசைவு மட்டுமே, நாளைக்கே கதவு சாத்தப்படலாம். 'உரிமை' என்று நாம் எழுதிவிட்டால், அந்தக் கதவு சாத்தப்படாதிருக்கவே இவ்வளவு பேர் உழைக்கிறார்கள் என்பது மறைந்துவிடும்.

செ., மதுரை:

சொல் ஒன்றால் பெரும் சிக்கல் வந்ததும் அமெரிக்காவில்தான். மனிதர் கைபடாத காட்டுப்பகுதிகளைக் காக்கும் 1964ஆம் ஆண்டுக் கானகச் சட்டம் தடை செய்யும் 'நிறுவப்பட்ட அமைப்பு' என்ற சொல்லுக்குள் பாறையில் அறைந்த விரல் நீள ஆணியும் அடங்குமா என்று 2023இல் பெரிய சர்ச்சை எழுந்தது. அந்த ஆணிக்கு மால்பு என்று பெயர் வைத்தால், ஏணி என்று சொல்லி நாமே எதிர்த்தரப்புக்கு வழக்கை எழுதிக் கொடுத்தது போலாகும்.

கு., தஞ்சாவூர்:

மால்பை விட்டுவிடுகிறேன். புரவை விடமாட்டேன்.

இரா., ஈரோடு:

நாளை வெள்ளி. வேறு வழியில்லாமல் 'தட இசைவு' என்றும் 'ஊர்ப்பேணல்' என்றும் எழுதி அனுப்புகிறேன். பேணல் செய்வதையும் குறிக்கும், செய்யாமல் ஒதுங்கி நிற்பதையும் குறிக்கும், கேட்டவுடன் விளங்கும். தனிமடலில் எழுதிய நால்வரில் மூவர் சரி என்றார்கள். நிலத்தை வாங்கிய இடங்களில் மட்டும் 'தடவுரிமை' இருக்கும்.

ந., யாழ்ப்பாணம்:

பேணலுக்கு மறுப்பில்லை. 'ஊர்' என்பதை ஏற்க முடியவில்லை. கென்டக்கிப் பாறைகளுக்குச் சனிக்கிழமை காலையில் ஒகையோவிலிருந்து காரில் வந்து ஞாயிறு மாலை திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களை எந்தக் கணக்கில் அவ்வூரார் என்பது? உண்மையான ஊரார் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? அச்சுக்குப் போகும் முன் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அம்மா.