வெல்டிங் படிப்பு: கடனுக்கு ஏற்ற சம்பளம் வருமா?

கேள்வி: அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) ஒன்றில் வெல்டிங், மெஷினிங் (இயந்திரத்தில் உலோகம் கடைதல்) இரண்டும் இருக்கின்றன. அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் இரண்டுக்கும் ஒரே சம்பளம், ஒரே கடன்தான் காட்டுகிறது. எதை நம்புவது?

செல்வம்: அங்கே பாடக் குறியீட்டை நான்கு இலக்கம் வரைதான் பிரிக்கிறார்கள். 48.05 என்பதற்குள் வெல்டிங் (48.0508), மெஷினிஸ்ட் (48.0501), ஷீட் மெட்டல் எல்லாமே அடக்கம்; அதனால்தான் இரண்டுக்கும் ஒரே எண். கடன் எண்ணில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது ஃபெடரல் (மத்திய அரசு) கடன் வாங்கிப் படிப்பை முடித்தவர்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) மட்டுமே. கையில் இருந்து கட்டியவர்கள் கணக்கில் இல்லை, தனியார் கடனும் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் கடனே வாங்காதவர்கள் அதிகம் என்பதால், அந்த எண்ணை 'சராசரி மாணவரின் கடன்' என்று படிக்கவே கூடாது. வகுப்பு சிறியதாக இருந்தால் எண்ணையே மறைத்துவிடுவார்கள். அதற்காகப் படிப்பு மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மீரா: சம்பளத்துக்கு அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் எண்ணையும் பாருங்கள். 2024 மே மாதத்தில் வெல்டர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 51,000 டாலர். இது எல்லா அனுபவத்தினரையும் சேர்த்தது, புதியவருக்குக் குறையும். 10,000 டாலர் கடன், 6% வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 111 டாலர். அதைத் தொடக்கச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்.

செல்வம்: சேரும் முன் ஒன்று கேளுங்கள்: 3ஜி (செங்குத்தாக வெல்டிங்), 4ஜி (தலைக்கு மேலே வெல்டிங்) தகுதித் தேர்வுக் கட்டணம் ஃபீஸில் அடங்குமா? பைப்புக்கான 6ஜி (சாய்ந்த பைப்பில் வெல்டிங்) வரை கற்றுத் தருகிறார்களா? கூலி உயர்வது பெரும்பாலும் பைப் வேலையில்தான்.

மீரா: கடனுக்கு முன் ஃபாஃப்ஸா (ஃபெடரல் மாணவர் உதவிக்கான விண்ணப்பம்) நிரப்புங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான ஃபெடரல் பெல் உதவித்தொகையைப் பொதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட மதிப்பு) இல்லாத குறுகிய வகுப்புகள் பலவற்றுக்கு அது கிடைக்காது.