கேஸ் பில் இரண்டு மடங்கு வந்திருக்கிறது: கசிவா, மீட்டர் கோளாறா, கணக்குப் பிழையா?

மாடிவீடு (கேள்வி)
வணக்கம். எங்கள் வீட்டுக்குக் குழாய் வழியாகக் கேஸ் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு பில். இந்தத் தடவை வந்ததைப் பார்த்ததும் அடுத்த வீட்டுப் பில்லை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று பெயரை இரண்டு முறை படித்தேன். போன பில்லைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டில் மூன்று பேர். ஓர் அடுப்பு, குளிப்பதற்குச் சுவரில் மாட்டிய பழைய கேஸ் கீசர், அவ்வளவுதான். புதிதாக எதுவும் வாங்கவில்லை, யாரும் வந்து தங்கவில்லை. கேஸ் வாசனையும் இல்லை. அலுவலகத்தில் கேட்டால், மீட்டர் ஓடியதைத்தான் போட்டிருக்கிறோம் என்கிறார்கள். மீட்டரை மாற்றித் தரச் சொல்லி எழுதலாமா?

கணக்குப்புலி
மீட்டரைக் குற்றம் சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொகையை மறந்துவிடுங்கள். அதில் விலை, நிலைக் கட்டணம், வரி, சில சமயம் பழைய பாக்கியும் கலந்திருக்கும். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கடைசி நான்கு பில்லை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள், எத்தனை கன மீட்டர் என்று எழுதுங்கள். ரீடிங் எண்ணுக்குப் பக்கத்தில் நேரில் வந்து எடுத்ததா, சராசரி போட்டதா என்று ஒரு குறிப்பு இருக்கும், பொடி எழுத்தில். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேகமானவன்
கசிவாகத்தான் இருக்கும். குழாய் இணைப்புகள் பக்கத்தில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினால் உடனே தெரிந்துவிடும்.

பழைய ஸ்பானர்
வேகமானவன், தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள், யாராவது செய்துவிடப் போகிறார்கள். தீயைக் காட்டி ஒருபோதும் கசிவு தேடக் கூடாது. சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பாருங்கள், கசிந்தால் குமிழி வரும். வாசனை பலமாக அடித்தால் அதுவும் வேண்டாம். மின் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. கையெட்டும் தூரத்தில் இருந்தால் பிரதான வால்வை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே போய் அவசர எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். கேஸுக்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று சேர்த்ததுதான் அந்த நாற்றம். ஜலதோஷம் பிடித்த மூக்கை நம்பி, வாசனை இல்லையே என்று இருந்துவிடவும் கூடாது.

மாடிவீடு, உங்களுக்கு ஒரு சோதனை. அடுப்பு, கீசர் எல்லாவற்றையும் அணையுங்கள். மீட்டரில் சிவப்பு எண்கள் உட்பட முழு ரீடிங்கையும் போட்டோ எடுங்கள். ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு இன்னொரு போட்டோ. சிவப்பில் உள்ள மூன்று இலக்கம் லிட்டர் கணக்கு, சின்ன ஓட்டம்கூடத் தெரியும்.

மாடிவீடு
பில்களை எடுத்துப் பார்த்தேன். பழையதிலிருந்து வரிசையாக:

61 நாள், 68 கன மீட்டர் (நேரடி, முடிவு ரீடிங் 1960)
60 நாள், 45 (சராசரி, 2005)
59 நாள், 44 (சராசரி, 2049)
61 நாள், 98 (நேரடி, 2147)

சராசரி என்று போட்டிருப்பதை இன்றுதான் கவனித்தேன். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை, மீட்டர் இருக்கும் கீழ்த்தளக் கதவும் பூட்டியிருக்கும்.

கணக்குப்புலி
பாதி விடை வந்துவிட்டது. இரண்டு பில்லுக்கு உங்கள் மீட்டரை யாரும் பார்க்கவே இல்லை. குத்துமதிப்பாகக் குறைத்துப் போட்டுவிட்டு, மூன்றாவது முறை நேரில் பார்த்ததும் விட்டுப்போனதையெல்லாம் ஒரே பில்லில் ஏற்றிவிட்டார்கள். அந்த 98இல் ஒரு பகுதி நீங்கள் நான்கைந்து மாதம் முன்பு எரித்தது.

நேரடி ரீடிங்கிலிருந்து நேரடி ரீடிங்வரை மட்டும் கணக்குப் போடுங்கள். 2147இல் 1960 போனால் 187. நாள்கள் 60 + 59 + 61 = 180. ஆக நாளுக்கு 1.04 கன மீட்டர். அதற்கு முந்தைய நேரடி பில்லில் நாளுக்கு 1.11. உங்கள் செலவு கூடவே இல்லை, இம்மி குறைந்திருக்கிறது! உண்மையில் நடுவில் வந்த இரண்டு பில்தான் தவறு.

பருவம் மாறும் இடத்தில் இருந்தால் போன ஆண்டு இதே மாதங்களோடு ஒப்பிடுவதே சரி. குழாயில் வரும் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்குக் கீசர் கூடுதலாக எரியும்.

ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் கட்டணம் அடுக்கு முறையா? அதாவது குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் யூனிட் விலை ஏறுமா?

மாடிவீடு
ஆமாம், மேல் அடுக்கில் விலை அதிகம். இந்த பில்லில் முதல் தடவையாக அதற்குள் போயிருக்கிறேன்.

கணக்குப்புலி
அப்படியானால் உங்கள் நியாயமான புகார் அதுதான். 187ஐ மூன்று பில்லுக்கும் நாள் கணக்கில் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் 61 முதல் 63க்குள் அடங்கும். மீட்டரை மாற்றச் சொல்லாதீர்கள். 180 நாளுக்குப் பிரித்து மறுபடி கணக்கிட்டுத் தரும்படி எழுதிக் கேளுங்கள். பில்களின் நகல், மீட்டர் போட்டோ இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

பழைய ஸ்பானர்
கணக்கு சரி, ஆனால் அந்த ஒரு மணி நேரச் சோதனையை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: கீழே பல மீட்டர் வரிசையாக இருந்தால், உங்கள் பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் மீட்டர் முகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள். அப்புறம் மேலே யாரையாவது அடுப்பை ஏற்றச் சொல்லி, உங்கள் மீட்டர்தான் ஓடுகிறதா என்று நில்லுங்கள். வருடக்கணக்கில் எதிர்வீட்டு மீட்டருக்குப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை, அது வேறு கதை.

குட்டித்தோட்டம்
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழைய மீட்டரைக் கழற்றிப் புதியது வைத்த பிறகு பில்லில் நாளுக்கு 0.9 கன மீட்டராக இருந்தது 2.5 ஆகிவிட்டது. பழைய மீட்டர் மெதுவாக ஓடியிருக்கும் என்கிறார்கள். அப்படியும் இருக்குமா?

கணக்குப்புலி
இவ்வளவு மெதுவாகவா! 2.5ஐ 0.9ஆல் வகுத்தால் 2.8 வருகிறது. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 100 கன அடி என்பது 2.83 கன மீட்டர். பழைய மீட்டர் நூறு கன அடிக் கணக்கில் இருந்து, புதியது கன மீட்டரில் இருந்து, அலுவலகக் கணினியில் பழைய வகையே பதிவாகியிருந்தால் சரியாக இப்படித்தான் பெருகும். மீட்டர் முகத்தில் எந்த அளவு அச்சிட்டிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

மாடிவீடு
சோதனை செய்தேன். மீட்டர் எண் சரியாக இருக்கிறது, அடுப்பை ஏற்றினால் என் மீட்டர்தான் ஓடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் அணைத்தபின் மாலை 4 மணிக்கு 2153.318, 5 மணிக்கு 2153.332. நகர்கிறதே! கசிவுதானா? கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பழைய ஸ்பானர்
பதறாதீர்கள். 14 லிட்டர். கீசரின் அடியில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகக் குனிந்து பாருங்கள், குட்டி நீலச் சுடர் எரிகிறதா?

மாடிவீடு
எரிகிறது. அது எப்போதும் எரியும். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான், அதை யாரும் எரிகிற கணக்கில் சேர்த்ததில்லை.

பழைய ஸ்பானர்
அதுதான் பைலட், கீசரின் பெரிய பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சுடர். கீசருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் பாருங்கள். மீட்டர் நின்றுவிட்டால் கசிவு இல்லை. அப்போதும் ஓடினால் வீட்டு வால்வை மூடிவிட்டு உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள், நீங்களாக ஸ்பானரை எடுக்க வேண்டாம்.

கணக்குப்புலி
நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன், சுவாரசியமாக இருக்கிறது. மணிக்கு 14 லிட்டர் என்றால் நாளுக்கு 0.34 கன மீட்டர். உங்கள் மொத்தமே 1.04. மூன்றில் ஒரு பங்கை அந்தக் குட்டிச் சுடர் தின்கிறது.

மீதி 0.7. மூன்று பேர் குளிக்க 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 3.5 கிலோவாட் மணி வேண்டும். கீசர் பழசு, நூற்றுக்கு எண்பதுதான் தண்ணீரில் ஏறும் என்றால் 4.4. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 10.5 கிலோவாட் மணி இருக்கிறது. ஆக 0.42 கன மீட்டர். மிச்சம் 0.28, அது சுமார் மூன்று கிலோவாட் மணி. 2 கிலோவாட் பர்னர் ஒன்றை ஒன்றரை மணி நேரம் எரித்ததற்குச் சமம். உங்கள் சமையல் அவ்வளவுதானே?

மாடிவீடு
ஏறக்குறைய அவ்வளவுதான். வால்வை மூடியதும் மீட்டர் நின்றுவிட்டது, ஒரு மணி நேரம் ஒரு லிட்டர்கூட நகரவில்லை. அப்படியானால் பைலட்டைத் தினமும் அணைத்து வைக்கலாமா?

பழைய ஸ்பானர்
உங்களுடையது உடனடிச் சூடு வகை என்பதால் பைலட்டின் வெப்பம் பெரும்பாலும் வீண். தாராளமாக அணைக்கலாம். தொட்டியில் தண்ணீரைச் சேமிக்கும் வகையாக இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகும், இவ்வளவு லாபம் இருக்காது. திரும்ப ஏற்றும்போது கீசரின் மேல் ஒட்டியிருக்கும் முறையை அப்படியே பின்பற்றுங்கள். ஒரு முறை ஏற்றத் தவறினால் அதில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த முறை. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது. புகைக்குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

குட்டித்தோட்டம்
மீட்டர் முகத்தில் கன மீட்டர் என்று இருக்கிறது. போட்டோவோடு எழுதிக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.

மாடிவீடு
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பில்லை மூன்றாகப் பிரித்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், மேல் அடுக்கு விலை போய்விட்டது. இரண்டாவது முறை நேரில் போன பிறகுதான் அதுவும். கீழ்த்தளக் கதவின் சாவி ஒன்று இப்போது காவலாளியிடம் இருக்கிறது. பைலட்டைக் குளித்து முடித்ததும் அணைத்துவிடுகிறோம். நேற்று இரவு 10 மணிக்கும் இன்று காலை 5 மணிக்கும் போய்ப் பார்த்தேன், சிவப்பு எண் அப்படியே நிற்கிறது.