டாக்டர் ரூமுல எதைப் பார்த்து உங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்கள்

தருமபுரி (இழையைத் தொடங்கியவர்)

எங்க அம்மாவுக்கு ரொம்ப வருஷமா பிரஷர். பென்னாகரம் ரோட்டுல இருக்கிற ஊர்லருந்து பஸ் ஏறி டவுனுக்கு வந்துதான் காட்டுறோம். முன்னாடி காட்டின கிளினிக் பார்க்கறதுக்கு அவ்வளவு நல்லா இருக்கும். கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளன்னு தரை, சுவர்ல பெரிய டிவி. ஆனா டோக்கன் கூப்பிட்டதும் வழியில நிக்க வச்சே பிரஷர் பார்த்துடுவாங்க. பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து வந்த மூச்சே அடங்கியிருக்காது. ஜாக்கெட் கைக்கு மேலேயே பட்டையைச் சுத்துவாங்க, கை கீழே தொங்கிட்டிருக்கும், நடுவுல "மாத்திரை போட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேள்வி வேற. நம்பர் ஏறித்தான் காட்டும். மாத்திரையும் கூடிக்கிட்டே போச்சு. ஒருநாள் காலையில கட்டில்லருந்து எழுந்தவங்க தலை சுத்தி அப்படியே கீழே உக்காந்துட்டாங்க.

அப்புறம் சொந்தக்காரங்க சொல்லி இன்னொரு டாக்டர்கிட்ட போனோம். பழைய ஓட்டு வீட்டைத்தான் கிளினிக்கா மாத்தியிருக்கார். ஏசி கிடையாது. ஆனா ஒரு மூலையில சாய்மானம் வச்ச நாற்காலி, பக்கத்துல கையை நெஞ்சு உயரத்துக்கு வைக்கற மாதிரி ஒரு மேசை. சிஸ்டர் முதல்ல, "பாத்ரூம் போகணும்னா போயிட்டு வந்துடுங்கம்மா"ன்னாங்க. அப்புறம் காலைத் தரையில ஊனி, சாய்ஞ்சு, பேசாம அஞ்சு நிமிஷம் உக்காரச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் பட்டையையே கையில எடுத்தாங்க. ரெண்டு தடவை பார்த்து ரெண்டையும் எங்க நோட்டுல எழுதினாங்க. பழைய கிளினிக்குல பார்த்ததைவிட நல்லாவே குறைஞ்சிருந்தது.

டாக்டர் விளக்கிச் சொன்னார். நடந்து வந்த உடனே பார்த்தாலும், பேசிக்கிட்டே இருந்தாலும், சிறுநீர் முட்டிக்கிட்டு இருந்தாலும், கை தொங்கினாலும் அளவு கூடத்தான் காட்டும். ஆஸ்பத்திரி பயத்துலயே சிலருக்கு ஏறும், அவங்களுக்கு வீட்டுல பார்க்கற அளவுதான் சரியான நிலையைச் சொல்லும். அவசரப்பட்டு மாத்திரையை நிறுத்தாம, வீட்டுல காலையிலயும் சாயந்திரமும் பார்த்து எழுதிட்டு வரச் சொல்லி, அதைப் பார்த்த பிறகுதான் குறைச்சார். அம்மா இப்ப ஊரெல்லாம் "கைராசிக்கார டாக்டர்"னு சொல்லிட்டிருக்காங்க. என்னைக் கேட்டா, அந்த நாற்காலி போட்டிருந்த விதத்துலயே பாதி நம்பிக்கை வந்துடுச்சு. நமக்கு வைத்தியம் தெரியாது. கண்ணுக்குத் தெரியறதை வச்சுத்தான் தெரியாததை நம்பறோம்.

கட்டடம் பெருசா சிறுசான்னு நான் கேக்கல. உள்ளே போனதும் எதைப் பார்த்து நம்பினீங்க, எதைப் பார்த்துத் திரும்பி வந்தீங்க? எழுதுங்க. குறை சொல்லும்போது பேர் வேண்டாம்.

கிருஷ்ணகிரி, கல்லூரி ஆசிரியை

எனக்குக் கதவுதான் முக்கியம். நம்ம பக்கத்துல நிறைய இடத்துல டாக்டர் ரூமுக்குள்ளயே ஒரு பெஞ்ச் போட்டு, அடுத்த மூணு நாலு பேரை உக்கார வச்சுடறாங்க. நேரம் மிச்சமாகுதாம். முதல் குழந்தைக்கு முன்னாடி நான் போன இடமும் அப்படித்தான். "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க? வெள்ளைப்படுதா? முன்னாடி எதுவும் கலைஞ்சிருக்கா?" எல்லாக் கேள்வியும் பெஞ்சுக்கு நேரா. அந்தப் பெஞ்சுல என்கிட்ட படிக்கிற பொண்ணோட அம்மா உக்காந்திருந்தாங்க. எனக்கு முன்னாடி ஒரு கரு கலைஞ்சிருந்தது. "இல்லை"ன்னுட்டேன். டாக்டருக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் அது. அந்த அறையில வாயைத் திறந்து சொல்ல முடியல.

அடுத்து போன இடத்துல ஒருத்தர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிட்டாங்க. உள்ளே தடித்துணித் திரை, இழுத்தா முழுசா மூடும். சோதிக்கும்போது ஒரு சிஸ்டர் கூடவே நின்னாங்க. தொடறதுக்கு முன்னாடி "இப்ப இதைப் பார்க்கப் போறேன்மா"ன்னு டாக்டர் ஒவ்வொண்ணா சொன்னாங்க. மறைச்சு வச்சதையெல்லாம் கேக்காமலே சொல்லிட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். ஸ்கேன் ரூம் வாசல்ல, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிப்பது சட்டப்படி குற்றம்னு பெரிய எழுத்துல பலகை இருந்தது. 1994 சட்டப்படி எல்லா ஸ்கேன் சென்டர்லயும் அது இருக்கணும். பல இடத்துல காலண்டருக்குப் பின்னாடி ஒளிஞ்சு கிடக்கும். இங்கே உக்கார்ற இடத்துக்கு நேர் எதிர்ல. என் மாமியார் அதைக் கேக்கணும்னு மனசுல வச்சுட்டுத்தான் கூட வந்திருந்தாங்க. பலகையைப் படிச்சாங்க, கேக்கவே இல்லை. வீட்டுல நான் சண்டை போட வேண்டிய ஒரு விஷயத்தை அந்தப் பலகை முடிச்சு வச்சது. வேண்டாம்னு விடற பெண் சிசுக்களை அரசே வாங்கிக் காப்பாத்தறதுக்காகச் சேலத்துல 1992ல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்போ கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துலதான் இருந்தது. நம்ம மண்ணுல இந்தப் பலகைக்கு இருக்கிற வேலை ரொம்பப் பெருசு.

ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி மாவட்டம்

அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நோயாளிகள் எங்கள் முகத்தைவிட எங்கள் கைகளைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கை கழுவும் தொட்டி உள்ளறையில் இருந்தால் நாங்கள் கழுவினோமா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் இருந்த ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொட்டியை ஊசி போடும் மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அதன் பிறகு "புது ஊசிதானே?" என்று கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். அவர்கள் கண் முன்னால் உறையைப் பிரிப்போம். போட்டு முடித்ததும் அவர்கள் பார்க்கவே கட்டரில் வைத்து ஊசியை வெட்டுவோம்.

வண்ண வாளிகளைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். பிளாஸ்டிக் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூரானவை குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். 2016 மருத்துவக் கழிவு விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. ஒரு கிளினிக்கில் எல்லாம் ஒரே கூடையில் கிடந்தால், வரவேற்பறையில் எவ்வளவு பூ வைத்திருந்தாலும் நான் யோசிப்பேன்.

ஏசி பற்றி முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். காசநோயாளிகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: காத்திருக்கும் இடத்தில் திறந்த ஜன்னல் இருப்பதுதான் எனக்கு ஆறுதல். பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து பார்த்து 2007ல் ஓர் ஆய்வு வந்தது. உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களில், ஜன்னல்களைத் திறந்து வைத்தால், இயந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைவிடக் காற்று நன்றாக மாறியது. காசநோய் தொற்றும் வாய்ப்பும் அங்கேதான் குறைவு என்று கணக்கிட்டார்கள். இருமுகிறவர்கள் நிறைந்த கூடத்தை மூடி வைத்து ஏசி போட்டால் குளுகுளுவென்றுதான் இருக்கும், ஆனால் ஒருவர் விட்ட காற்றையே எல்லோரும் இழுக்க வேண்டியிருக்கும்.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். அமெரிக்காவின் கேன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதை அளந்து 2012ல் வெளியிட்டார்கள். டாக்டர் நின்று பேசினாலும் உட்கார்ந்து பேசினாலும் உண்மையில் ஆனது சராசரியாக ஒன்று முதல் ஒன்றரை நிமிடம்தான். உட்கார்ந்து பேசியபோது ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். நின்றபோது நான்கு நிமிடம்கூட இல்லை என்றார்கள். கூட்டத்தில் திணறும் நம் ஓ.பி. டாக்டர்களுக்கும் ஒரு ஸ்டூல் பெரிய செலவில்லை.

பென்னாகரம் பக்கம், இப்போ பெங்களூர்ல வேலை

என் பல்லைப் பத்தி எழுதறேன். எங்க ஊர்ல சின்ன வயசுல போர் தண்ணிதான் குடிச்சோம். அதுல புளோரைடு. முன்பல்லு நாலுலயும் பழுப்புக் கோடு. காலேஜ் படிக்கிற வரைக்கும் எந்தப் போட்டோலயும் நான் வாயைத் திறந்து சிரிச்சதில்லை.

முதல்ல போன பல் கிளினிக்குல சுவர் பூரா வெள்ளைவெளேர்னு சிரிக்கிற மாடல் முகம். சோபாவுல உக்காந்து அதையே பார்த்துட்டிருந்தா நம்ம வாய் தானா இறுக மூடிக்கும். கவுண்டர்ல இருந்தவங்க எல்லார் முன்னாடியும், "பான், ஹான்ஸ் ஏதாவது போடுவீங்களா?"ன்னு சத்தமா கேட்டாங்க. டோக்கனைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் பல்லு வலி வந்தாலும் வருஷக்கணக்குல எந்த டாக்டர்கிட்டயும் போகல.

தருமபுரியில ஒரு சின்ன கிளினிக் என் மனசை மாத்துச்சு. சுவர்ல ஒரே ஒரு படம். லேசான வெள்ளைத் திட்டுலருந்து அடர் பழுப்பு வரைக்கும் எங்க ஊர்ப் பல்லுங்க வரிசையா. கீழே தமிழ்ல, இது தண்ணீரால் வருவது, சுத்தக் குறைவால் அல்லன்னு எழுதியிருந்தது. அதைப் படிச்சதும் என் தோள் இறங்குச்சு, நிஜமா சொல்றேன். உள்ளே போனதும் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லல. "எந்த ஊருப்பா? எட்டு வயசு வரைக்கும் என்ன தண்ணி குடிச்ச?" அதான் முதல் கேள்வி. பல்லு உள்ளே உருவாகிற வயசுல குடிச்ச தண்ணிதான் காரணம், பெரியவனான பிறகு குடிச்சா பல்லுல கறை வராது, எலும்பைத்தான் பாதிக்கும்னு சொன்னாங்க. கையில ஒரு கண்ணாடியைக் கொடுத்து, எந்தப் பல்லுல என்ன செய்யப் போறாங்கன்னு நானே பார்க்கற மாதிரி காட்டினாங்க. கட்டணமும் சுவர்லயே ஒட்டியிருந்தது. லேசான கறைக்கு மேலாகத் தேய்ச்சு எடுத்தாப் போதும், ஆழமான கறைக்குத்தான் மேல ஒட்டணும், உனக்கு ரெண்டு பல்லுக்கு மட்டும் ஒட்டினாப் போதும்னாங்க. நாலுக்கும் சேர்த்து வாங்கியிருக்கலாம், வாங்கல.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு. அந்தத் தண்ணியிலயே வளர்ந்த எங்க அக்கா பையனுக்குப் பல்லு முத்து மாதிரி இருக்கு. ஆனா என் வயசுக்காரங்க ஆயிரக்கணக்குல இன்னும் வாயை மூடிட்டுத்தான் இருக்காங்க. நம்ம மாவட்டத்துப் பல் டாக்டர்கள் அந்த மாடல் படங்களைக் கழட்டிட்டு இந்த மாதிரி ஒரு படம் மாட்டணும். கெஞ்சிக் கேக்கறேன்.

ஊத்தங்கரை

சுருக்கமா எழுதறேன். எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் ரூம் எடுத்து, ஸ்டெதாஸ்கோப், ட்ரிப் ஸ்டாண்டு எல்லாம் வச்சு ஊசி போட்டுட்டிருந்தார். எங்க ஆயாவுக்கு அவர்னா உசுரு. போர்டுல பேர் மட்டும்தான், பதிவு எண் இல்லை. சீட்டு கேட்டா வெறும் துண்டுப் பேப்பர். டாக்டர்கள் பதிவு எண்ணைக் கிளினிக்லயும் மருந்துச் சீட்டுலயும் காட்டணும், கட்டணத்தையும் தெரியற மாதிரி எழுதி வைக்கணும்னு 2002லயே மருத்துவ கவுன்சில் விதி இருக்கு. தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்துல பேரைப் போட்டா பதிவு இருக்கான்னு யார் வேணா பார்க்கலாம். நான் பார்த்தேன், அவர் பேரே இல்லை. சுகாதாரத் துறைக்குப் புகார் போன பிறகு கடையைக் காலி பண்ணிட்டார். உபகரணத்தைப் பார்த்து நம்பாதீங்க, எண்ணைப் பாருங்க.

அரூர்

சித்தேரி மலை அடிவாரத்துச் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கைப் பத்தி யாரும் எழுதலயே. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993ல அங்கே வந்து ஒரு கூரைக் குடிசையிலதான் வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சாங்க. அந்த மலையிலயே வாழற, 'மலையாளி'ன்னு பேர் கொண்ட பழங்குடிப் பெண்களையே செவிலியராப் பழக்கினாங்க. வர்றவங்களுக்கு எதிர்ல நிக்கறது தன் ஊர்ப் பொண்ணு, பேசறது தன் பேச்சு. பெரிய கட்டடத்தைப் பார்த்தாலே வாசலோட திரும்பிப் போற மக்கள் உள்ளே வர்றதுக்கு இதைவிட என்ன வேணும்?

தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் போற டாக்டர்களும் இதைக் கவனிக்கணும். அங்கே வீட்டுல தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க நிறைய. மாத்திரை எப்போ போடணும்னு அந்த மொழியில ஒரு வரி எழுதி ஒட்டினாலே பாதி வேலை முடியும். 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச, வீட்டுக்கே வந்து பார்க்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டமும் எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒத்துவருது. தன் வீட்டுத் திண்ணையில உக்காந்து பிரஷர் பார்க்கும்போது அவங்களுக்குப் பயமே இல்லை.

பாலக்கோடு

கல்லூரி ஆசிரியை அக்காவுக்கு ஒரு கேள்வி. ஆம்பளைங்களுக்கும் இந்தப் பெஞ்ச் பிரச்சனை இருக்கு. எங்க அப்பாவுக்கு மூத்திரம் போறதுல சிரமம். டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர், மாத்த மனசில்லை. ஆனா பெஞ்சுல எப்பவும் மண்டிக்கு வர்ற ஊர்க்காரங்க உக்காந்திருக்காங்க. அப்பா "வயித்து வலி"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து வந்துடறார். என்ன பண்றது?

கிருஷ்ணகிரி, கல்லூரி ஆசிரியை

தம்பி, டோக்கன் வாங்கும்போதே சிஸ்டர்கிட்ட "அப்பா டாக்டரோட தனியாப் பேசணும்"னு சொல்லி வச்சுடுங்க. அது நடக்கலேன்னா, தொந்தரவு என்னன்னு ஒரு தாள்ல எழுதி, கீழே "தனியாகப் பேச வேண்டும்"னு போட்டு, உக்காரும்போதே டாக்டர் கையில கொடுங்க. பெரும்பாலான டாக்டர்கள் கேட்டா மறுக்க மாட்டாங்க. யாரும் கேக்கறதில்லைங்கறதாலதான் அந்தப் பெஞ்ச் இன்னும் அங்கேயே கிடக்கு.

பாலக்கோடு

நேத்து அப்படியே தாள் எழுதிட்டுப் போனேன் அக்கா. டாக்டர் படிச்சுட்டு மணியடிச்சு, பெஞ்சுல இருந்தவங்களை வெளியே உக்காரச் சொல்லிட்டார். என்னையும் வெளியே போகச் சொல்லணுமான்னு அப்பாகிட்ட கேட்டார், அப்பா இருக்கட்டும்னார். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், எவ்வளவு நாளா இப்படின்னு அப்பா சொல்லும்போதுதான் எனக்கே தெரியும். சக்கரைக்கு ரத்தம் எடுத்தாச்சு, புராஸ்டேட் பார்க்க ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கார். வியாழக்கிழமை போறோம்.